டயாலிசிஸ் படுக்கையில் தொற்றும் கிருமி: கணக்கு எங்கே?

அவசரமாக இரத்தம் வேண்டும் என்று நம்மைத் தேடி வருவோரில் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் வீட்டார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படித்தான் அந்தச் சகோதரரும் எனக்குப் பழக்கமானார். வாடகை வேன் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தவர். சர்க்கரை நோய் இரண்டு சிறுநீரகங்களையும் அழித்து விட்டது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின.

ஒரு நாள் இரவு, இஷாவுக்குப் பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் இரத்தப் பரிசோதனைத் தாள். ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

"ஹஜ்ரத், நான் தப்பான எடத்துக்குப் போனவன் இல்ல. பீடி சிகரெட் கூடக் குடிச்சதில்ல. இது எப்படி வந்துச்சுன்னு வீட்ல கேக்குறாங்க. மச்சான்மார்லாம் ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

மறுநாள் அவரையும் அழைத்துக் கொண்டு அவர் டயாலிசிஸ் செய்து கொள்ளும் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டேன். இவர் முதன்முதலாக இங்கே வந்தபோது எடுத்த பரிசோதனையில் இந்தக் கிருமி இருந்ததா? அதன் பிறகு எத்தனை முறை சோதித்தீர்கள்? கடந்த ஓராண்டில் இங்கே வரும் நோயாளிகளில் எத்தனை பேருக்கு இது புதிதாக வந்திருக்கிறது?

முதல் கேள்விக்கு, பழைய ஃபைல் இப்போது இல்லை என்றார். இரண்டாவது கேள்விக்கு, வெளியே லேபில் எடுத்து வரச் சொல்வோம், சிலர் எடுப்பார்கள், சிலர் எடுக்க மாட்டார்கள் என்றார். மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"அதெல்லாம் நாங்க எண்ணுறதில்ல பாய். வெளிய எங்கயாச்சும் வந்திருக்கும்."

எண்ணுவதில்லையாம்! எண்ணாமலேயே, வெளியில்தான் வந்தது என்பது மட்டும் எப்படித் தெரிந்தது?

சகோதரர்களே! அந்த நிலையத்தில்தான் தொற்றியது என்று நான் குற்றம் சாட்டவில்லை. அதற்கு முன்பு ஏற்றிய இரத்தத்தில் வந்திருக்கலாம். இடையில் வேறொரு மருத்துவமனையில் சில வாரங்கள் டயாலிசிஸ் செய்தாரே, அங்கே வந்திருக்கலாம். எதையும் நிரூபிக்க வழியில்லை. ஏனென்றால் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைக்காததால் நிலையம் தப்பித்துக் கொண்டது. அந்த ஏழை மட்டும் தன் வீட்டிலேயே குற்றவாளியாக நிற்கிறார்.

இது ஒரு தனிமனிதரின் கதையல்ல என்பதால்தான் இதைப் பற்றிப் பொதுவில் பேச வேண்டியிருக்கிறது.

எப்படித் தொற்றுகிறது?

டயாலிசிஸ் என்பது என்ன என்று முதலில் விளங்கிக் கொள்வோம். நோயாளியின் இரத்தம் குழாய் வழியே உடலை விட்டு வெளியே வருகிறது. வடிகட்டியைக் கடந்து மீண்டும் உடலுக்குள் போகிறது. நான்கு மணி நேரம் இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது. வாரத்துக்கு மூன்று முறை என்று கணக்கிட்டால் ஓராண்டுக்கு 156 முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி. ஆக ஓராண்டில் 312 முறை இரத்த நாளத்தில் துளை போடப்படுகிறது. வேறு எந்த நோயாளிக்கும் இத்தனை முறை இரத்தத்தின் வாசல் திறக்கப்படுவதில்லை.

பக்கத்துப் படுக்கையோ கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரே நர்சு, அல்லது ஒரே டெக்னீஷியன், மூன்று நான்கு பேரைப் பார்த்துக் கொள்கிறார். ஒருவருக்கு இரத்தம் கசிகிறது, ஓடிப் போய் அழுத்துகிறார். அதற்குள் அடுத்த மெஷினில் மணி அடிக்கிறது, அதே கையுறையோடு ஓடி அந்தப் பொத்தானை அழுத்துகிறார். முடிந்தது! இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் மருந்தை ஒரே குப்பியிலிருந்து பலருக்கும் எடுப்பது, முந்தின ஆள் எழுந்ததும் மெஷினையும் கட்டிலையும் சரியாகத் துடைக்காமல் அடுத்தவரைப் படுக்க வைப்பது என்று கிருமிக்கு வழிகள் பல. ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்து போன இரத்தத் துளியில் குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளியே போதும்.

கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்வோருக்கு வேறொரு ஆபத்து. தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் குழாய் வழியே நேராக இரத்தத்துக்குள் இறங்கி விடும். குளிரும் காய்ச்சலுமாக ஆரம்பித்துச் சில நாட்களில் உயிரையே பறித்து விடும். கையில் சிறு ஆபரேஷன் செய்து உருவாக்கும் ஃபிஸ்டுலாவில் இந்த ஆபத்து மிகவும் குறைவு. காசநோயும் இவர்களைச் சுலபமாகப் பிடிக்கிறது. அது நுரையீரலில் வராமல் நிணநீர்க் கட்டியிலோ வயிற்றிலோ வருவதுண்டு என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைந்து விடுகிறது. அதனால் ஹெபடைடிஸ் கிருமி உள்ளே போனாலும் பெரும்பாலும் கண் மஞ்சளாவதில்லை, வாந்தி வருவதில்லை. ஓசையில்லாமல் உள்ளே குடியிருந்து கல்லீரலை அரிக்கும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் பரவும். இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் அதைக் காட்டிக் கொடுக்கும். அந்தப் பரிசோதனையும் குறித்த காலத்தில் எடுக்கப்பட்டு, முடிவு ஓரிடத்தில் பதியப்பட்டால்தான் பயன் தரும்.

பதிவேடு என்றால் என்ன?

நோயாளிகள் பதிவேடு என்றதும், வாசலில் கையெழுத்துப் போடும் நோட்டு என்று நினைத்து விடக்கூடாது. ஒரு நாட்டில் அல்லது மாநிலத்தில் டயாலிசிஸ் செய்து கொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். முதல் டயாலிசிஸ் நாளிலிருந்து சிறுநீரக மாற்று சிகிச்சை வரை, அல்லது மரணம் வரை அந்த எண் அவரைத் தொடர்ந்து வரும். எந்த நிலையம், கழுத்துக் குழாயா ஃபிஸ்டுலாவா, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனை எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, முடிவு என்ன, தடுப்பூசி எத்தனை போடப்பட்டது, காய்ச்சல் வந்தபோது இரத்தத்தில் எந்தக் கிருமி வளர்ந்தது, எப்போது இரத்தம் ஏற்றப்பட்டது, எப்போது வேறு நிலையத்துக்கு மாறினார் என எல்லாம் அதில் ஏறும்.

இதனால் மூன்று உண்மைகள் வெளிவரும்.

ஒன்று, இவர் கிருமியோடு வந்தவரா, வந்த இடத்தில் வாங்கியவரா என்பது தெரியும். வரும்போது இல்லை, ஆறு மாதம் கழித்து இருக்கிறது என்றால் அந்த ஆறு மாதத்துக்குள் தேடினால் போதும்.

இரண்டு, எத்தனை பேரில் எத்தனை பேர் என்பது தெரியும். இருபது பேர் வரும் நிலையத்தில் மூன்று பேருக்குப் புதிதாக வந்தால் அது அபாய மணி. முந்நூறு பேர் வரும் இடத்தில் மூன்று என்றால் அதன் பொருள் வேறு. வெறும் மூன்று என்ற எண் எதையும் சொல்லாது.

மூன்று, எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பது தெரியும். இதுதான் மிக முக்கியம். சோதிக்காத நிலையத்தில் தொற்றே இருக்காது! "எங்களிடம் ஒரு கேஸ் கூட இல்லை" என்று பெருமையடிப்பவரிடம், "எத்தனை பேரைச் சோதித்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். சாயம் வெளுத்து விடும்.

எண்ணியவர்கள் குறைத்தார்கள்

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. எண்ணிய நாடுகள் சாதித்துக் காட்டியிருக்கின்றன.

1969, 1970 ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், டயாலிசிஸ் மற்றும் சிறுநீரக மாற்றுப் பிரிவில் ஹெபடைடிஸ் பி பரவியது. நோயாளிகளும் ஊழியர்களுமாகப் பதினொரு பேர் மடிந்தார்கள். சிகிச்சை தருவோரையும் சேர்த்துக் கொல்லும் நோய் இது என்பதை அந்த நாடு உணர்ந்தது. குழு அமைத்தார்கள். 1972-இல் அறிக்கை வந்தது. எல்லோரையும் தவறாமல் சோதிக்க வேண்டும், கிருமி உள்ளவருக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்ற விதி கண்டிப்பானது. ஐரோப்பிய மருத்துவர்கள் 1964-லேயே டயாலிசிஸ் நோயாளிகளுக்கான பதிவேட்டைத் தொடங்கியிருந்தார்கள். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதோடு, நோயாளிகளிலும் ஊழியர்களிலும் எத்தனை பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது என்பதும் அதன் ஆண்டறிக்கைகளில் இடம் பெற்றது.

அமெரிக்காவை எடுத்துக் கொள்ளுங்கள். 1974-ஆம் ஆண்டில் அங்கே டயாலிசிஸ் நோயாளிகளில் நூற்றுக்கு 6.2 பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றியது. சில நிலையங்களில் இது நூற்றுக்கு முப்பது வரை போனது! நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., நிலையம் நிலையமாகக் கணக்குக் கேட்டது. 1977-இல் விதிமுறைகளை வெளியிட்டது. குறித்த காலத்தில் எல்லோருக்கும் பரிசோதனை, கிருமி உள்ளவருக்குத் தனி அறை, தனி மெஷின், தனிக் கருவிகள், அவரைக் கவனிக்கும் ஊழியர் அதே நேரத்தில் மற்றவரைக் கவனிக்கக் கூடாது. விளைவு? 1980-இல் நூற்றுக்கு ஒருவராகக் குறைந்தது. 1999-இல் நூற்றுக்கு 0.06. அதாவது பத்தாயிரம் பேரில் ஆறு பேர்!

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அங்கே புழக்கத்துக்கு வந்தது 1982-இல். ஆனால் ஆறிலிருந்து ஒன்றாகக் குறைந்தது 1980-க்குள்! தடுப்பூசி வருவதற்கு முன்பே, சோதித்ததாலும் எண்ணியதாலும் பிரித்து வைத்ததாலும் மட்டுமே அவ்வளவு பேர் காப்பாற்றப்பட்டார்கள். பணமில்லை, புது மருந்தில்லை என்று சாக்குச் சொல்வோருக்கு இது போதிய பதிலல்லவா?

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1977 முதல் ஒரே பதிவேட்டை நடத்துகின்றன. வீட்டிலேயே வயிற்றில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்து கொள்வோருக்கு வயிற்றுக்குள் சீழ்பிடிக்கும் தொற்று வருவதுண்டு. ஆஸ்திரேலியாவில் 2003 அக்டோபர் முதல் அதையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். பத்து நோயாளிகளுக்கு ஓராண்டில் ஆறு தடவை வீதம் தொற்று வருவது 2008 வரையிலான கணக்கில் தெரிந்தது. ஒரு மருத்துவமனைக்கும் இன்னொரு மருத்துவமனைக்கும் பல மடங்கு வித்தியாசம் இருப்பதும் அம்பலமானது. அதே மருந்து, அதே குழாய், அதே நாடு! அப்படியானால் குறை நோயாளியிடம் இல்லை, நடைமுறையில்தான் இருக்கிறது என்பது விளங்கியது. மருத்துவர்களே கூடிப் பேசித் திருத்தினார்கள். பின்வந்த ஆண்டுகளில் தொற்று குறைந்தது.

2012 முதல் அமெரிக்காவில், இரத்தத்தில் பாக்டீரியா தொற்றும் கணக்கை அனுப்புவது, டயாலிசிஸ் நிலையத்துக்கு அரசு தரும் கட்டணத்தோடு இணைக்கப்பட்டது. 2014-க்கும் 2019-க்கும் இடையில் அந்தத் தொற்று நூற்றுக்கு நாற்பது குறைந்தது. 2023-இல் சி.டி.சி. வெளியிட்ட அறிக்கை இன்னோர் உண்மையையும் உடைத்தது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இரத்தத்தில் தொற்றுவது மற்றவர்களை விட டயாலிசிஸ் நோயாளிகளிடம் நூறு மடங்கு அதிகம். அதிலும் வறுமை மிகுந்த, நெருக்கடியான வீடுகளில் வாழ்வோரிடமும் ஹிஸ்பானிய மக்களிடமும் கூடுதல். யார் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பதைக் கணக்குதான் வெளியே கொண்டு வந்தது. கணக்கு இல்லாவிட்டால் ஏழையின் சாவு விதியின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்!

கொரோனா காலத்தையும் மறந்து விட வேண்டாம். ஐரோப்பாவின் ஏழு நாடுகளின் பதிவேடுகள் ஒன்று சேர்ந்து, 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கொரோனா தொற்றிய 4298 சிறுநீரக நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தன. டயாலிசிஸ் செய்து கொள்வோரில் கொரோனா தொற்றியவர்களில் நூற்றுக்கு இருபது பேர் அந்த நோயாலேயே 28 நாட்களுக்குள் இறந்தது தெரிய வந்தது. பதிவேடு ஏற்கனவே இருந்ததால்தான் சில மாதங்களுக்குள் இதைச் சொல்ல முடிந்தது. வெள்ளம் வந்த பிறகு அணை கட்ட முடியுமா?

நம் நாட்டில் என்ன நடக்கிறது?

2016 பிப்ரவரி 29 அன்று நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டைத் தாக்கல் செய்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி, இந்தியாவில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகிறார்கள் என்றும், அதனால் 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றும் சொன்னார். தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் மெஷின்கள் வந்தன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் சேர்க்கப்பட்டிருக்கிறது. நிலத்தை விற்றுச் சிகிச்சை செய்த குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. இதை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

சிறுநீரக மருத்துவர்களின் சங்கமும் 2005-இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. 2012-இல் வெளியான அதன் முதல் அறிக்கையில் 52,273 பேரின் விவரம் இருந்தது. நல்ல முயற்சி. ஆனால் அது விருப்பமுள்ள மருத்துவர்கள் தாமாக அனுப்பியது. கட்டாயமல்ல.

காசநோய்க்கு மட்டும் நிலைமை வேறு. காசநோயாளி யாரையும், தனியார் மருத்துவராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2012-இல் உத்தரவு வந்தது. நிக்ஷய் என்ற கணினிப் பதிவில் ஒவ்வொரு நோயாளியும் ஏறுகிறார். ஹெபடைடிஸ் நோய்க்கும் 2018 ஜூலையில் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டு, இலவசப் பரிசோதனையும் மருந்தும் தரப்படுகின்றன.

ஆக, ஒரு பக்கம் டயாலிசிஸ் திட்டம். இன்னொரு பக்கம் ஹெபடைடிஸ் திட்டம். மற்றொரு பக்கம் காசநோய்த் திட்டம். மூன்றுக்கும் அரசுப் பணம்தான். ஒரே மனிதர் மூன்றிலும் நோயாளியாக இருக்கிறார். அமைச்சர்களின் உரையில் நாம் கேட்பதெல்லாம் எத்தனை மெஷின் வாங்கினோம், எத்தனை லட்சம் முறை டயாலிசிஸ் செய்தோம் என்ற கணக்கு. அந்தப் படுக்கையில் படுத்து எழுந்தவர்களில் எத்தனை பேர் புதிய கிருமியோடு வீடு திரும்பினார்கள் என்ற கணக்கும் அதே மேடையில் சொல்லப்பட வேண்டாமா?

மறுப்புகளுக்கு விளக்கம்

"கணக்கை வெளியிட்டால், கிருமி உள்ள நோயாளிகளை நிலையங்கள் சேர்க்க மறுக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? பாசிட்டிவ் என்றதும், எங்களிடம் தனி மெஷின் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு ஊர் ஊராக அலைகிறவர்கள் இல்லையா? கிருமியோடு வந்தவர் வேறு, இங்கே வாங்கியவர் வேறு என்று பதிவேடு பிரித்துக் காட்டுவதால், முன்னவரைச் சேர்ப்பதால் எந்த நிலையத்துக்கும் கெட்ட பெயர் வராது. மேலும் ஒரு விளக்கம். தனி அறையும் தனி மெஷினும் கட்டாயம் என்பது ஹெபடைடிஸ் பி நோய்க்குத்தான். ஹெபடைடிஸ் சி உள்ளவரைத் தனியே ஒதுக்கத் தேவையில்லை, கையுறை மாற்றுவது, ஊசி மருந்தைச் சுத்தமான இடத்தில் தயாரிப்பது போன்ற விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் போதும் என்பதே உலக அளவிலான சிறுநீரக மருத்துவ வழிகாட்டி.

"ஊழியர் பற்றாக்குறை, எழுத நேரமில்லை" என்பது அடுத்த மறுப்பு. காப்பீட்டுப் பணம் வாங்க ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் எழுதுகிறார்களே, அதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? அதே கணினியில் இன்னும் நான்கு கட்டங்கள். அவ்வளவுதான். நர்சுகளையும் டெக்னீஷியன்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆளுக்கு மேல் ஆளைச் சுமத்தி அவர்களை ஓட ஓட விரட்டுவதுதான் தொற்றுக்கு முதல் காரணங்களில் ஒன்று. கணக்கு வந்தால் அதுவும் வெளியே வரும். கிருமி அவர்களையும் தொற்றும் என்பதால் இந்தக் கணக்கு அவர்களுக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது மறுப்பு நம்மவர்களிடமிருந்தே வருகிறது. "இன்னொரு பட்டியலா? அதில் நாம் ஏன் பேர் கொடுக்க வேண்டும்?" இந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். 2019, 2020 ஆண்டுகளில் குடியுரிமைப் பதிவேடு, மக்கள்தொகைப் பதிவேடு என்ற பேச்சு எழுந்தபோது தெருவுக்கு வந்து கேள்வி கேட்டவர்கள் நாம். பட்டியலை யார் வைத்திருப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று அன்று கேட்டோம். அதே கேள்வியை இங்கும் கேட்போம். கேட்கத்தான் வேண்டும்! பெயரும் முகவரியும் சிகிச்சை தரும் மருத்துவருக்கும் பதிவேட்டுப் பொறுப்பாளருக்கும் அப்பால் போகக்கூடாது. வெளியே வருவது எண்ணிக்கை மட்டுமே. எச்.ஐ.வி. உள்ளவரின் விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பை இந்தப் பதிவேட்டுக்கு உறுதி செய்யும்படி வற்புறுத்துவோம். ஆனால் பயத்தால் பதிவேடே வேண்டாம் என்றால், நஷ்டம் நோயாளிக்கு. லாபம் தவறு செய்யும் நிலையத்துக்கு.

நாம் வைக்கும் கோரிக்கை

1. அரசு, தனியார், அறக்கட்டளை என்ற வேறுபாடின்றி எல்லா டயாலிசிஸ் நிலையங்களும் ஒவ்வொரு நோயாளியையும் ஒரே மாநிலப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நிலையம் மாறினாலும் எண் மாறக்கூடாது.

2. முதல் டயாலிசிஸுக்கு முன்பும், பிறகு குறித்த காலத்திலும் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை இலவசமாகச் செய்யப்பட்டு, முடிவு பதியப்பட வேண்டும். இரத்தத்தில் பாக்டீரியா தொற்று, காசநோய் ஆகியவையும் அதில் சேர வேண்டும்.

3. ஹெபடைடிஸ், காசநோய்த் திட்டங்களின் பதிவுகளோடு இது இணைக்கப்பட வேண்டும்.

4. ஆண்டுக்கு ஒரு முறை நிலையம் வாரியாக எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் சோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்று என்பது தமிழில் வெளியிடப்பட வேண்டும்.

5. கணக்கு அனுப்பாத நிலையத்துக்குக் காப்பீட்டுப் பணம் நிறுத்தப்பட வேண்டும். புதிய தொற்று வந்தால் விசாரணை நடத்தி, அதன் முடிவை நோயாளிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது

அரசு செய்யும் வரை கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. உங்கள் வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருந்தால் இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் டயாலிசிஸ் தொடங்கிய தேதியையும் அன்றைய பரிசோதனை முடிவுகளையும் எழுதுங்கள். ஒவ்வொரு பரிசோதனையின் தேதி, லேபின் பெயர், முடிவு, எந்த நாளில் இரத்தம் ஏற்றப்பட்டது, எந்த நாளில் வேறு நிலையத்துக்குப் போனீர்கள், காய்ச்சல் வந்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். தாள்களைப் பிரதி எடுத்து ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் படித்தவர்களாக இருந்தால் அவர்களிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரக நோயாளிக்குச் சாதாரண அளவு போதாது. கூடுதல் அளவு தர வேண்டும். போட்டு முடித்த பிறகு உடலில் எதிர்ப்பு சக்தி உண்டாகியிருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் முழுதும் செயலிழப்பதற்கு முன்பே போட்டுக் கொண்டால் பலன் அதிகம். கழுத்துக் குழாயோடு மாதக் கணக்கில் இருப்பவர்கள், ஃபிஸ்டுலா எப்போது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஊழியர் உங்களிடம் வரும்போது புதுக் கையுறையா என்று பாருங்கள். பணிவோடு கேட்டால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். கோபித்துக் கொண்டாலும் கேளுங்கள்.

கிளை நிர்வாகிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உள்ளது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்ட அரசு மருத்துவமனையின் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். யார் பெயரையும் கேட்காதீர்கள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் டயாலிசிஸ் செய்து கொண்டார்கள்? சேரும்போது எத்தனை பேர் சோதிக்கப்பட்டார்கள்? சேர்ந்த பிறகு எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி, சி தொற்றியது? முப்பது நாட்களில் பதில் தர வேண்டும். "அப்படி ஒரு கணக்கு பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். அதையே கையில் வைத்துக் கொண்டு ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் போகலாம்.

அந்த வேன் ஓட்டுநர் சகோதரருக்கு அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். ஹெபடைடிஸ் சி கிருமியை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஒழித்து விடும் மருந்து இப்போது இருக்கிறது. அவருக்கும் கிருமி போய் விட்டது. ஆனால் இதற்குத் தடுப்பூசி கிடையாது. அதே படுக்கையில் வாரம் இரண்டு முறை இன்னும் படுக்கிறார். மீண்டும் தொற்றாது என்று அவருக்கு யார் உத்தரவாதம் தருவது?

அன்று அவருடைய வீட்டாரை அழைத்து உட்கார வைத்து, இந்தக் கிருமி டயாலிசிஸிலும் இரத்தம் ஏற்றுவதிலும் வரக்கூடியது, ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று நான் விளக்கினேன். நம்பினார்கள். ஆனால் இந்தச் சாட்சியத்தைச் சொல்ல வேண்டியவன் நானல்ல. தேதியும் எண்ணும் போட்ட ஒரு பதிவேடு சொல்லியிருக்க வேண்டும்.

சகோதரர்களே, சகோதரிகளே! சிகிச்சை கேட்டு வாங்கினோம். அந்தச் சிகிச்சையில் என்ன நடக்கிறது என்ற கணக்கையும் இனிக் கேட்டு வாங்குவோம்.